தேன்மொழி, அம்மா பேரு சரசு

பேருந்து எங்களை விழுப்புரத்தில் இறக்கிவிடவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பாலத்தடியில் இறக்கிவிட்டது. "ஊருக்குள்ள போவாதும்மா, பைபாஸோட சரி" என்று நடத்துனர் அப்போதுதான் சொல்கிறார். ஏறும்போது "விழுப்புரம்தான், ஏறு ஏறு" என்று கத்தியவரும் இதே மகராசன்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கையில் இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, தரையில் படக்கூடாத ஒரு நீளக் கவுன். எங்கள் மலேசியாவில், ஈப்போவில் ஒரு பேருந்து இப்படி நடுவழியில் ஆளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் முகநூலில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இங்கே யாரிடம் போய்க் கத்துவது?

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பெட்டிகளைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "போட்டிக்கா? குந்துங்க, மண்டபத்து வாசல்லயே வுடுறேன்" என்றார். ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சரஸ்வதி. ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்து உணவுக்கடையை நடத்தி, போதும்டா சாமி என்று மூடியவள். என் மகள் தேன்மொழி திருநங்கை. மகன் என்று நினைத்துப் பெற்றேன், மகள் என்று அவள் சொன்னாள், சரி என்றேன். சொல்ல ஒரு வரிதான், வாழ்ந்த வருடங்கள் வேறு கணக்கு. அவள் அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. விமான நிலையத்துக்குக்கூட வரவில்லை.

எங்கள் நாட்டு அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் இன்னார் மகன் என்று ஒட்டிக்கொண்டே வரும். அந்த இன்னாரோ இவளை மகள் என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. விழுப்புரத்தில் வருடா வருடம் நடக்கும் திருநங்கையர் அழகிப் போட்டியில், மேடையேறும் பெண்ணை அம்மா பெயரோடு சேர்த்து அழைப்பார்கள் என்று யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் பார்த்திருக்கிறாள். அன்று பிடித்த பைத்தியம். "கிரீடமெல்லாம் வேணாம்மா. மைக்ல ஒரு தடவ தேன்மொழி, அம்மா சரசுன்னு கேட்டாப் போதும்." அந்த ஒரு தடவைக்காகத்தான் கடல் தாண்டி இந்தப் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தோம்.

தங்கிய லாட்ஜில் ஒரு அறை விடாமல் திருநங்கைகள். மும்பையாம், பெங்களூராம், ஹைதராபாத்தாம். மாடிக் கைப்பிடி முழுக்கப் புடவை காய்கிறது. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் முடி நேராக்கும் கருவியைச் செருக, பட்டென்று மின்சாரம் போய்விட்டது. இருட்டு வராண்டாவில் ஐந்தாறு மொழிகளில் ஒரே சமயத்தில் திட்டு கேட்டது. தமிழ் மட்டும் எனக்குப் புரிந்தது. அதைப் புரியாமலே விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை கீழே ஓட்டலில் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எல்லாம் பசிக்குத்தாம்மா விக்கறோம்" என்றார். இட்லி வந்தது. பஞ்சு மாதிரி. நான் இருபது வருடம் செய்த இட்லியை நினைத்து வெட்கமாகப் போயிற்று. தேநீரோ குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவு. மூன்று வாங்கி ஒன்றாக ஊற்றிக் குடித்தேன், தேன்மொழி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒத்திகைக்கு மண்டபத்துக்குப் போனோம். அங்கேதான் என் குழப்பம் ஆரம்பம். வாசலில் ஒரு பெண் தேன்மொழியிடம், "நீ மலேசியாப் பொண்ணா? அம்மா யாரு?" என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான்" என்றேன். அவ்வளவுதான். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பின்னால் வந்தவள் கும்பிட்டாள். அதற்குப் பின்னால் வந்தவளும். நாற்காலி வந்தது, மின்விசிறி என் பக்கம் திரும்பியது, குளிர்ந்த மோர் வந்தது. அடேயப்பா, தமிழ்நாட்டில் தாய்க்கு இத்தனை மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரியாதை சரி. கேள்விகள்தான் புரியவில்லை. ஒருத்தி என் கழுத்துத் தாலியைப் பார்த்து, "என்னாம்மா, இப்பவே கட்டிக்கினீங்களா?" என்றாள். முப்பத்தைந்து வருடம் ஆயிற்று என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூவாகத்துக் கோயிலில் இந்த வாரம் இவர்களெல்லாம் சாமிக்கென்று தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அறுப்பார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். இன்னொருத்தி, "கொரலு கூட அப்டியே பொம்பள கொரலு! எதுனா மருந்து சாப்டுறீங்களா?" என்றாள். காலையில் இஞ்சித் தண்ணீர் என்றேன். அதைப் பத்துப் பேர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். "ஆபரேசன் எங்க பண்ணிக்கினீங்க?" என்று ஒரு குரல். என் பித்தப்பைக் கல் விஷயம் விழுப்புரம் வரை எப்படி வந்தது? தேன்மொழியின் வேலைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலதான்" என்றேன். "தழும்பே தெரியாதாமே அங்க" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று முடிவு கட்டிக்கொண்டேன். தேன்மொழி மேடையில் உயரக் குதிகால் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அவள் காதில் இது எதுவும் விழவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ரோசாம்மா. திண்டிவனத்துக்காரர். ஐம்பது சொச்சம் வயதிருக்கும், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அங்கிருந்த இளசுகளில் பாதிப் பேர் அவர் வீட்டுப் பெண்கள். வீடு என்றால் கட்டடம் இல்லை. வந்து சேர்கிற பெண்ணை ஒரு மூத்தவர் மகளாக ஏற்றுக்கொள்வார். அந்த மகளுக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு மகள் என்று நீளும் குடும்பம். அப்படிப்பட்ட குடும்பங்கள் கூடினால் ஜமாத்.

போட்டியின் கதையை ரோசாம்மாதான் சொன்னார். "மொதல்ல போட்டியே கெடையாதுங்க. கோயிலுக்கு வந்தவளுங்க லாட்ஜுல சும்மா குந்தினு கெடக்கறப்போ, யாரு புடவை நல்லாருக்குதுன்னு வராண்டாவுல நடந்து காட்டுவாளுங்க. அதுல சண்டை வந்துச்சு. சண்டையத் தீக்க ஒரு நடுவரு. நடுவருக்கு ஒரு நாற்காலி. அப்டியே மண்டபம், மேடை, லைட்டுன்னு ஆயிப்போச்சு. இப்ப இந்தியா பூராவும் வர்றாளுங்க."

"வெளிநாட்டுக்காரங்க?" என்று கேட்டேன்.

"அவளுங்க மொதல்ல கேமராவோட வந்தாளுங்க. அப்புறம் ஏன்டா கேமரான்னு மேடைக்கே வந்துட்டாளுங்க. ஒரு தபா தாய்லாந்துலேர்ந்து ஒண்ணு. தமிழு சுத்தமா தெரியாது. அம்மா யாருன்னு மைக்ல கேக்கறான், இது சிரிச்சுக்கினே நிக்குது. நான் ஓடிப்போயி கையப் புடிச்சி, எம் மகதான்னேன். இன்னிக்கும் போன்ல மூஞ்சியக் காட்டி அம்மான்னு கூப்புடும். அது ஒரு வார்த்ததான் தெரியும் அதுக்கு. சிலோன்லேர்ந்து வந்ததுக்கும் இங்கதான் வீடு குடுத்தோம். வெளிநாட்டுக்காரி தன் அம்மாவக் கூட்டிக்கினே வர்றது இதான் மொத தபா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் வேகவைத்த மல்லாட்டை வந்தது. நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். உரித்துத் தின்றுகொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பெருமுக்கலிலிருந்து வந்த மீனா என்ற சின்னப் பெண், ரோசாம்மா வீட்டுக்குப் புதிதாக வந்தவள், என்னிடம் மெல்லக் கேட்டாள். "நீங்க எந்த வயசுலம்மா வீட்ட வுட்டு வந்தீங்க?"

"இருபத்து மூணுல. கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாங்க."

"வீட்லயே பண்ணி வெச்சாங்களா!" என்று வாயைப் பிளந்தாள். "அப்போ தேனக்கா உங்ககிட்ட எப்ப வந்துச்சு?"

"எங்கிட்ட வந்துச்சா? என்ன பிள்ள பேசுற நீ? நான் பெத்த பிள்ள லா அது!"

மல்லாட்டை உரிக்கிற சத்தம் நின்றுபோனது. "பெத்ததா?" என்றாள் மீனா. அவள் கண் என் முகத்திலிருந்து தாலிக்கும், தாலியிலிருந்து வயிற்றுக்கும் போய்வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரலும் ஆபரேஷனும் இஞ்சித் தண்ணீரும் எல்லாமே உறைத்தது. காலையிலிருந்து இவர்கள் என்னை யார் என்று நினைத்துக் காலில் விழுந்தார்கள் என்று தெரிந்ததும் கையிலிருந்ததை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். "ஐயையோ, நான் அப்படியெல்லாம் இல்ல!" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரில் தேன்மொழி. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

அவள் திரும்பி மேடைப் பக்கம் போய்விட்டாள். மண்டபமே மாறிவிட்டது. என் பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மீனா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு வார்த்தை தவறாகப் பேசியதற்கா இத்தனையும்?

ரோசாம்மாதான் புரியவைத்தார். "உங்க வார்த்தைக்கு இல்லம்மா. அத வுட மோசமா நாங்க டெய்லி கேக்கறோம். பெத்தவங்க இந்த மண்டபத்துக்கு வந்தா அடிக்க வருவாங்க, முடியப் புடிச்சி இழுத்துக்கினு போவ வருவாங்க. போன வருசம் மீனாவோட அண்ணனுங்க வந்தானுங்க. மேக்கப் பொட்டியத் தூக்கிக்கினு கூடவே வந்து நின்ன பெத்தவள நாங்க பாத்ததே இல்ல. அம்மான்னு நீங்க சொன்னப்போ நாங்க எங்கள மாதிரின்னுதான் நெனச்சோம். வேற எப்டி நெனைக்கறது, சொல்லுங்க?"



மறுநாள் காலை ஓட்டலில் இட்லியைப் பிட்டுக்கொண்டே தேன்மொழி கேட்டாள். "ஏம்மா அப்படிக் கைய உதறின?"

"பயந்துட்டேன் தேனு."

"எதுக்கு? என்னை மாதிரின்னு நினைச்சுட்டாங்கன்னா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. இத்தனை வருடம் இவளுக்காகச் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டேன், கோயில் கமிட்டியோடு சண்டை போட்டேன். என் மகள், என் மகள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்போதெல்லாம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு இருந்திருக்கிறது. அதை நான் பார்த்ததில்லை, அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது. இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினேன்.

தேன்மொழியை மேடை ஏற விடலாமா என்று பேச மண்டபத்தில் மூத்தவர்கள் கூடியிருந்தார்கள். விழுப்புரத்து மூத்தவர் ஒருவர், கண்ணாடி போட்டவர், கறாராகச் சொன்னார். "வழக்கம்னா வழக்கம்தான். வீடு இல்லாத பொண்ணு மேடை ஏறக் கூடாது. முந்தி தனியா வந்ததுங்கள எவனெவனோ கூட்டிக்கினு போய்ட்டான். மேல கீழ ஒண்ணு ஆனா கேக்கறதுக்கு எங்க ஆளு ஒண்ணு வோணும். பெத்தவ நாளைக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போய்டுவா."

"நான் எடுத்துக்கறேன்" என்றார் ரோசாம்மா. "ஜல்தியா இப்பவே ரீத் போட்டுடலாம். தாய்லாந்துக்காரிக்குப் பண்ணலியா?" ரீத் என்பது மகளாக ஏற்றுக்கொள்கிற சடங்கு.

"மைக்ல என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று தேன்மொழி கேட்டாள்.

"தேன்மொழி, அம்மா ரோசான்னு."

"அப்ப நான் ஏறல" என்றாள் தேன்மொழி. முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. பெட்டியைத் திறந்து குதிகால் செருப்பை உள்ளே வைத்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பெற்று, வளர்த்து, பள்ளிக்கூடத்தில் இவளை அடித்தவனின் அம்மாவோடு தெருவில் நின்று கத்தி, கடைசியில் ரோசா பெயரா?  என் கடைப் பிள்ளைகள் பாத்திரத்தைப் போட்டு உடைத்தால் கத்துவேனே, அந்தக் குரல் வந்துவிட்டது.

"பிள்ளைய மட்டும் எடுத்துக்குவீங்க, அம்மாவ எடுத்துக்க மாட்டீங்களா? எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க! இல்லாட்டி ஒண்ணும் வேணாம்!"

கோபத்தில் கத்தியதுதான். ரோசாம்மா அதைப் பிடித்துக்கொண்டார். என்னையே பார்த்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏன் எடுத்துக்கக் கூடாது? சரசு எனக்கு மக. சரசுக்குத் தேனு மக. தேனு எனக்குப் பேத்தி. வீடும் ஆச்சு, அம்மா பேரும் ஆச்சு."

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். "ரோசா, உனுக்குப் பைத்தியமா? பொம்பளைய எப்டி ஜமாத்துல சேக்கறது?"

"ஏன்?" என்றார் ரோசாம்மா. "நாம யாராம்?"

 வாசல் பக்கமிருந்து ஒரு கைதட்டல். மீனா. அவர்கள் தட்டுகிற அந்த அகன்ற, காது அடைக்கிற தட்டல். இன்னொன்று சேர்ந்தது, இன்னும் இரண்டு சேர்ந்தது, மண்டபமே அதிர்ந்தது. கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார். அவர் உதடும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

ரோசாம்மா தன் புடவைத் தலைப்பை என் தலையில் போட்டார். வெற்றிலை பாக்கைக் கையில் வைத்தார். "இன்னியிலேர்ந்து சரசு எம் மக. இவளுக்கு நல்லது கெட்டது எதுன்னாலும் ரோசா வீட்டுல வந்து கேளுங்க" என்றார். என்னைவிட ஆறு வயது சின்னவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் அம்மா போனபிறகு யாரும் எனக்காக அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலைப்புக்குள்ளேயே மூக்கைச் சிந்தினேன். "எம் பொடவைல சிந்தாதடி" என்று அப்போதே அதட்டல் வந்தது.

அன்று மாலை போட்டி. தேன்மொழி தோற்றுப்போனாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி பதில் சுற்றுக்குக்கூட வரவில்லை. கிரீடம் ஒரு பெங்களூர்ப் பெண்ணுக்குப் போனது. நியாயமாகச் சொன்னால் அவள் நடையே தனிதான். ஆனால் அதற்கு முன்னால் மைக்கில் ஒரு குரல் கேட்டது. "மலேசியா நாட்டிலேர்ந்து, தேன்மொழி! திண்டிவனம் ரோசா வீடு! அம்மா, சரசு!" மேடையில் அவள் நடக்க மறந்து நின்றாள். முன்வரிசையில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்கு அவர்களைப் போல் தட்ட வரவில்லை, மீனா சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. அடுத்த போட்டியாளர் பின்னால் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் என் மகள் நடந்தாள்.

அடுத்த நாள் திண்டிவனத்தில் ரோசாம்மா வீட்டில் விருந்து. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன், பல்லில் ஒட்டிக்கொண்டது, சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும், "ஏ சரசு, அந்தக் குண்டானக் கழுவி வெச்சிட்டுப் போ" என்று உத்தரவு. புது மகள்தான் கழுவ வேண்டுமாம். உணவுக்கடையில் ஐந்தாறு பேரை வேலை வாங்கியவள் நான். கழுவினேன். தேன்மொழி அதை வீடியோ எடுத்தாள்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். மூன்று பேர் உட்காரும் இருக்கை. சன்னலோரம் தேன்மொழி, நடுவில் நான். வண்டியில் நல்ல கூட்டம். ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். எங்கள் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. ஒருவர் உட்காரப் போனார், தேன்மொழியைப் பார்த்தார், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றுகொண்டார். தேன்மொழி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இதெல்லாம் அவளுக்குப் பழக்கம் போல. எனக்குப் பழகவில்லை.

முன்சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், கையில் மல்லாட்டைப் பை, என்னைப் பார்த்துக் குனிந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "ஏம்மா, முன்னாடி அந்தப் பொண்ண நகந்து குந்தச் சொல்றேன், நீ அங்க வந்துடு. அதுங்களோட எதுக்கு நெருக்கிக்கினு வர்ற?"

"நானும் அவங்கதாம்மா" என்றேன். "திண்டிவனம் ரோசா வீடு."

அந்த அம்மாள் என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். நரைத்த தலை, தாலி, மூக்குக் கண்ணாடி. "அப்போ இது யாரு?" என்று தேன்மொழியைக் காட்டினாள்.

"எம் மக. நான் பெத்தது."

 தேன்மொழி சன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"எனுக்கு ஒண்ணும் வெளங்கல. இரு, மொதல்லேர்ந்து சொல்லு" என்றபடி அந்த அம்மாள் மல்லாட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.